ஒரே அளவு டைல், ஒத்துவராத கோடுகள்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தரை, சுவர், படி என வீடு முழுவதையும் ஒரே அளவை அடிப்படையாக வைத்து வடிவமைப்பது நல்ல கொள்கை. கோடுகள் அறைக்கு அறை தொடர்வதால் சிறிய வீடும் விசாலமாகத் தெரியும். வெட்டுத் துண்டுகள் குறையும். பிறகு ஒரு டைல் உடைந்தாலும் மாற்றுவது எளிது. ஆனால் கடையில் ஒரே அளவு டைல்களை வாங்கிவிட்டால் இந்தக் கொள்கை தானாக நிறைவேறிவிடும் என்று நினைத்துத் தொடங்கிய வேலைகளில்தான், திரும்பத் திரும்ப அதே பிழைகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். உடைக்கும் வேலை கடைசியாக இருக்கட்டும்.

எஃகு டேப், நூல், ரசமட்டம், மூலைமட்டம், பென்சில், காலாவதியான ஒரு ஏ.டி.எம். அட்டை ஆகியவை போதும். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஓர் அளவை எடுத்துவிடுங்கள். தொடர்ச்சியாக ஐந்து முழு டைல்களையும் அவற்றை ஒட்டிய ஐந்து ஜாயிண்டுகளையும் (டைல்களுக்கு இடையே விடும் இடைவெளி) சேர்த்து அளந்து, ஐந்தால் வகுக்க வேண்டும். 600 மி.மீ. டைலும் 2 மி.மீ. ஜாயிண்டும் என்றால் 3010 மி.மீ. வரும், அதாவது ஒரு டைலும் ஒரு ஜாயிண்டும் சேர்ந்த ஓர் அலகு 602. வடிவமைப்பில் ஒரே சீராக இருக்க வேண்டியது இந்த அலகு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 600 என்ற எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், கீழே வரும் பிழைகளில் பாதி அங்கேயே பிறந்துவிடும்.

அறிகுறி: சுவரோரம் மெல்லிய கீற்றாக ஒரு வரிசை வருகிறது

*மிக எளிய காரணம்: அடிக்கணக்கும் மில்லிமீட்டர் கணக்கும் கலந்துவிட்டன.* கடையில் ‘டூ பை டூ’ என்று விற்கப்படும் டைல் 600 மி.மீ. சதுரம், இரண்டு அடி என்பதோ 609.6 மி.மீ. பன்னிரண்டு அடி அறைக்கு ஆறு டைல் சரியாக இருக்கும் என்று வரைபடத்தில் எழுதியிருப்பார்கள். பன்னிரண்டு அடி 3658 மி.மீ.; ஆறு டைலும் ஆறு ஜாயிண்டும் 3612 மி.மீ. மிச்சம் 46 மி.மீ. அந்த 46 மி.மீ. கீற்றுதான் சுவரோரம் ஓடுகிறது. இவ்வளவு மெல்லிய துண்டு வெட்டும்போதே உடையும். ஒட்டினாலும் பிடிப்பு குறைவு.

டைல் இன்னும் ஒட்டப்படவில்லை என்றால் தீர்வுக்குச் செலவே இல்லை. முழு டைல்களை ஐந்தாகக் குறைத்து, மிச்சத்தை இரு ஓரங்களுக்கும் சமமாகப் பிரியுங்கள். ஐந்து டைலுக்கு 3000, ஆறு ஜாயிண்டுக்கு 12, மீதி 646; ஓரத்துக்கு 323 மி.மீ. வீதம் இரண்டு பக்கமும் பாதிக்கும் சற்று மேலான துண்டுகள் வரும். ஓரத் துண்டு பாதி டைலுக்குக் குறையக்கூடாது என்பது நான் விட்டுக்கொடுக்காத விதி. அறையின் மற்ற அளவுக்கும் இதே கணக்கைப் போட்டுவிட்டு, பூச்சு முடிந்த சுவரிலிருந்து சுவருக்கு அளந்து, நூல் கட்டிய பிறகே கலவை போடச் சொல்லுங்கள்.

*ஒட்டியாகிவிட்டது என்றால்:* கீற்று எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். அலமாரியோ கட்டிலோ வரும் பக்கமானால் விட்டுவிடலாம். நடைபாதைப் பக்கம் என்றால் கீற்றையும் அதற்கு அடுத்த முழு வரிசையையும் மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடம் முழுவதிலும் வேறு நிறக் கல்லில் ஒரு கரை ஓட்டுங்கள். அறையைச் சுற்றி நான்கு பக்கமும் அந்தக் கரையை ஓட்ட முடிந்தால் அது திட்டமிட்டுச் செய்ததாகவே நிற்கும். முழுத் தரையையும் பெயர்க்கச் சொல்பவரிடம் உடனே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அறிகுறி: வாசலில் நேராகத் தொடங்கிய கோடு போகப் போக விலகுகிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிவதால் சோதித்துத்தான் பிரிக்க வேண்டும்.

*முதல் சோதனை, நூல்.* விலகும் கோட்டின் இரு முனைகளுக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். கோடு நூலோடு ஒட்டியே ஓடி, சுவர் மட்டும் விலகினால் டைல் வேலையில் பிழையில்லை. அறையே சதுரத்தில் இல்லை. அறையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் உறுதியாகிவிடும். அல்லது ஒரு மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடியும் மறுசுவரில் 4 அடியும் குறித்து, இரு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வருகிறதா என்று பாருங்கள். சதுரமில்லாத அறையில் கோட்டை வாசலுக்கும் அதிகம் கண்ணில் படும் சுவருக்கும் இணையாக ஓட்டி, ஆப்பு வடிவ வெட்டுத் துண்டுகளைக் கட்டிலடிப் பக்கம் தள்ளுவதுதான் வழக்கம். ஒட்டிய பிறகு இதில் செய்யக்கூடியது அதிகமில்லை. ஸ்கர்ட்டிங்கின் (சுவரடியில் ஓட்டும் பட்டை) தடிமனைச் சற்றுக் கூட்டினால் சாய்வு ஓரளவு மறையும்.

*இரண்டாவது சோதனை, ஜாயிண்ட்.* கோடு நூலை விட்டு வளைந்தால், இடைவெளி சீராக வர டைல்களுக்கு நடுவே செருகும் ஸ்பேசர் வைத்தார்களா என்று பாருங்கள். ஒரே வரிசையில் ஜாயிண்ட் ஓரிடத்தில் 1 மி.மீ., வேறோர் இடத்தில் 4 மி.மீ. என்று மாறினால், கண்மதிப்பில் ஒட்டியிருக்கிறார்கள். விலகல் இரண்டு மி.மீ.க்குள் என்றால் பழைய கிரவுட்டை (ஜாயிண்டில் அடைக்கும் பூச்சு) சுரண்டி எடுத்துவிட்டு, டைலின் நிறத்துக்கே நெருங்கிய நிறத்தில் புதிய கிரவுட் அடையுங்கள். வெள்ளை டைலுக்குக் கறுப்பு கிரவுட் என்பது வேலை துல்லியமாக இருந்தால் மட்டுமே தாங்கக்கூடிய அலங்காரம்.

*மூன்றாவது, டைலின் அளவே வேறுபடுகிறது.* டைல்கள் சூளையில் சுடும்போது சுருங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுருக்கம் சற்று மாறும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் அளவு வாரியாகப் பிரித்து, பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண், நிறச்சாயல், அளவுக் குறி ஆகியவற்றை அச்சிடுகிறார்கள். சுட்ட பிறகு விளிம்பை அறுத்துச் சீராக்கிய டைல்களில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. அச்சில் அழுத்தி அப்படியே வரும் டைல்களில் அதிகம்.

சோதனை எளிது. வெவ்வேறு பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பத்து டைல்களை எடுத்து, சமதளத்தில் விளிம்பின்மேல் நிறுத்தி, புத்தகங்களை அடுக்குவதுபோல நெருக்கி வையுங்கள். மேல் விளிம்புகளின்மேல் குறுக்காக விரல் நகத்தை ஓட்டுங்கள். அரை மி.மீ. வேறுபாட்டையும் நகம் தடுக்கிக் காட்டிவிடும். பிறகு எல்லாவற்றையும் கால்வட்டம் திருப்பி, மறுபக்கத்தையும் அதேபோலப் பாருங்கள். நீளத்தில் சரியாக இருந்து அகலத்தில் மட்டும் பிசகும் டைல்களும் உண்டு. அரை மி.மீ. சிறிது என்று ஒதுக்கிவிடலாம்போலத் தோன்றும். ஆனால் பத்து டைல் போவதற்குள் அது 5 மி.மீ. ஆகிவிடுகிறது.

ஒட்டும் முன் கண்டுபிடித்தால், குறி மாறிய பெட்டிகளைக் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள். மாற்ற முடியாவிட்டால் ஒரு குறியை ஓர் அறைக்கு என்று ஒதுக்கி, வாசற்படியின் கல்லில் கோட்டை முறித்துவிடுங்கள். ஜாயிண்டை 3 மி.மீ. ஆக்கினால் சிறிய வேறுபாடுகள் அதற்குள் அடங்கும். ஒட்டிய பிறகு கண்டுபிடித்து, விலகல் ஜாயிண்டின் அகலத்தையே தாண்டியிருந்தால், கிரவுட்டால் மறைக்க முடியாது. காலிப் பெட்டிகளைத் தூக்கி எறியாமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, விற்றவரிடம் பேசுவதே அடுத்த வேலை.

அறிகுறி: தரைக்கோடும் சுவர்க்கோடும் சந்திக்கவில்லை

குளியலறையிலும் சமையலறையிலும் அதிகம் காணும் பிழை இது. நன்கு தேர்ந்த மேஸ்திரி செய்த வேலையிலும் வருகிறது; ஏனென்றால் பிழை பெரும்பாலும் வரைபடத்திலேயே இருக்கிறது.

தரையில் 600 மி.மீ. சதுரம், சுவரில் 300 மி.மீ. அகல டைல். 300 என்பது 600-இன் பாதி என்பதால் இரண்டு சுவர் டைலுக்கு ஒரு தரை டைல் என்று கோடுகள் சேர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். இரண்டிலும் 2 மி.மீ. ஜாயிண்ட் என்று வைத்துக் கணக்கிடுங்கள். தரை அலகு 602. சுவரில் இரண்டு டைலும் இரண்டு ஜாயிண்டும் 604. ஒவ்வொரு தரை டைலுக்கும் 2 மி.மீ. விலகல், ஐந்தாவது டைலில் 10 மி.மீ. மூலையில் ஒன்றாகத் தொடங்கிய கோடுகள் எதிர்மூலையில் சேராமல் நிற்பது இதனால்தான்.

செங்கல்லில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 1077 சொல்லும் அலகுச் செங்கல் 190 × 90 × 90 மி.மீ. இரண்டு கல்லின் அகலம் 180, நடுவில் கலவை 10, கூட்டினால் 190. ஒரு கல்லின் நீளத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது. பாதி என்பது ஜாயிண்டைக் கழித்த பிறகு வரும் பாதியாக இருந்தால்தான் பெரியதும் சிறியதும் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். டைல் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை; நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

*ஒட்டும் முன் என்றால்* நான்கு வழிகள் உள்ளன, எளியதிலிருந்து சொல்கிறேன். 300 × 600 சுவர் டைலைப் படுக்கை வாட்டில் ஒட்டுங்கள். 600 பக்கம் தரையோடு சேர்ந்துவிடும், ஜாயிண்ட் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் போதும். நிமிர்த்தித்தான் ஒட்ட வேண்டும் என்றால் தரை ஜாயிண்டைச் சுவர் ஜாயிண்டைப்போல இரு மடங்காக்குங்கள்: சுவரில் 2, தரையில் 4 என்றால் இரண்டு அலகும் 604 ஆகிவிடும். அவ்வளவு அகல ஜாயிண்ட் தரையில் வேண்டாம் என்றால், தரைக்கு வாங்கிய அதே 600 டைலைப் பாதியாக அறுத்துச் சுவருக்குப் பயன்படுத்தலாம். அறுக்கும் பிளேடு ஏறத்தாழ 2 மி.மீ.யைத் தின்றுவிடுவதால் பாதிகள் 299 ஆக வரும், நடுவில் 2 மி.மீ. விட்டால் மீண்டும் 600. இதில் அறுவைக் கூலி கூடும். சுவர் தாங்கும் பசையும் வேண்டும். ஐ.எஸ். 15477 குறியுள்ள டைல் பசையில் சுவருக்கு உரிய வகையைக் கேட்டு வாங்குங்கள். நீரை அதிகம் உறிஞ்சாத விட்ரிஃபைடு டைலை வெறும் சிமெண்ட் பாலில் சுவரில் ஒட்டக்கூடாது. கடைசி வழி, கோடுகள் சேர வேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, சுவர் டைலை முற்றிலும் வேறு அளவில் தேர்ந்தெடுப்பது. கிட்டத்தட்டச் சேரும் கோடுகள்தான் கண்ணை உறுத்தும். சேரவே நினைக்காத கோடுகளை யாரும் கவனிப்பதில்லை.

*ஒட்டிய பிறகு என்றால்* முதலில் இரண்டு ஜாயிண்டுகளும் ஒரே அகலம்தானா, இரண்டும் ஒரே மூலையிலிருந்து தொடங்கினவா என்று அளந்து பாருங்கள். அலகுகள் ஒத்திருந்தும் தொடக்கம் மட்டும் மாறியிருந்தால், விலகல் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். அந்த நிலையில் தரையை ஒட்டிய கடைசிச் சுவர் வரிசையை மட்டும் எடுத்துவிட்டு, ஒற்றை நிறக் கல்லைப் பட்டையாக ஓட்டினால் இரு கோடுகளும் நேருக்கு நேர் பார்க்காது. விலகல் போகப் போகக் கூடினால் அது அலகுப் பிழை. பட்டை வைப்பதைத் தவிர முழுவதையும் உடைக்காத தீர்வு இல்லை. குளியலறையில் தரை வரிசையைத் தொட்டால் அடியிலுள்ள நீர்க்காப்புப் பூச்சும் கிழியும். எனவே அங்கே டைல் மேஸ்திரியோடு நீர்க்காப்புச் செய்பவரையும் சேர்த்தே கூப்பிடுங்கள்.

அறிகுறி: வெறுங்காலில் நடக்கும்போது விளிம்பு தட்டுகிறது

ஏ.டி.எம். அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. தாழ்ந்த டைலின்மேல் அட்டையைப் படுக்க வைத்து, உயர்ந்த டைலின் விளிம்பை நோக்கித் தள்ளுங்கள். அட்டையின் மேற்பரப்பு விளிம்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் கவலைப்பட வேண்டாம். குறுகிய ஜாயிண்டுகளுக்கு அமெரிக்கத் தர விதி அனுமதிப்பதும் ஏறத்தாழ இதே 0.8 மி.மீ.தான், டைலின் இயல்பான வளைவை அதற்கு மேல் தனியாகக் கூட்டிக்கொள்கிறார்கள். விளிம்பு அட்டையைவிட உயர்ந்து நின்றால் காரணம் தேட வேண்டும்.

மீந்துபோன இரண்டு டைல்களை முகத்தோடு முகம் வைத்துப் பாருங்கள். நடுவில் மட்டும் தொட்டு, முனைகளில் வெளிச்சம் தெரிந்தால் டைல் வளைந்திருக்கிறது. நீளமான டைல்களில் இந்த வளைவு சிறிதளவு இருக்கவே செய்யும். அவற்றைச் செங்கல் அடுக்குவதுபோலப் பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால், ஒன்றின் உயர்ந்த நடுப்பகுதி பக்கத்து டைலின் தாழ்ந்த முனையை ஒட்டி வந்துவிடும். 15 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள டைலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக்கூடாது என்ற விதி இதற்காகவே உள்ளது. வளைவு இல்லாவிட்டால் டைல்களின் தடிமனைப் பாருங்கள். அளவு ஒன்றாக இருந்தும் ஒரு தொகுதி 8 மி.மீ., இன்னொன்று 9 மி.மீ. என்று இருப்பது சாதாரணம். இரண்டும் இல்லையென்றால் அடித்தளம் மட்டமில்லை.

ஓரிரு டைல்கள் மட்டும் என்றால் அவற்றை மாற்றிவிடலாம். வரிசை வரிசையாகத் தட்டுகிறது, கூடவே தட்டிப் பார்த்தால் வெற்றொலியும் வருகிறது என்றால் அடியில் கலவை நிரம்பவில்லை. அதை ஒட்டியவரையே அழைத்துக் காட்டுங்கள். மெருகேற்றிய விட்ரிஃபைடு டைலின் விளிம்பைத் தேய்த்துச் சமப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பளபளப்பு போன இடம் போனதுதான்.

அறிகுறி: கூடத்தில் அழகாக இருக்கும் அதே டைல், குளியலறையில் தண்ணீரைத் தேக்குகிறது

முதலில் ஜாலியை (வடிகால் துளையின் மூடி) தூக்கிப் பாருங்கள். அடைப்போ, ஜாலி தரையைவிட உயர்ந்து நிற்பதோ காரணமாக இருந்தால் அரைமணி நேர வேலை. அது இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்து எங்கே தேங்குகிறது என்று பென்சிலால் குறியுங்கள்.

நடுவில் ஜாலி இருக்கும் தரை நான்கு பக்கத்திலிருந்தும் வாட்டம் கொண்டிருக்க வேண்டும். 600 மி.மீ. டைல் முறுக்கிக்கொள்ளாது, ஒரே நேரத்தில் இரு திசைகளில் சாயவும் முடியாது. ஆகவே மேஸ்திரி வாட்டத்தைக் குறைத்து டைலை மட்டமாக உட்கார வைக்கிறார், தண்ணீர் நிற்கிறது. ஒரே அளவு என்ற கொள்கை இந்த இடத்தில் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். 600-ஐ நான்காக, ஒவ்வொன்றும் 299 சதுரமாக அறுத்து ஒட்டச் சொல்லுங்கள். வாட்டமும் கிடைக்கும், பெரிய கோடுகளும் கூடத்துக் கோடுகளோடு தொடரும். முழு டைலே வேண்டும் என்பவர்கள், ஒரு சுவரோரம் நீளவாக்கு வடிகால் வைத்து, மீட்டருக்கு 10 மி.மீ. என்று ஒரே திசையில் வாட்டம் கொடுக்கலாம். இதற்குக் குழாயின் இடத்தை மாற்ற வேண்டியிருப்பதால் பிளம்பர் வராமல் தொடங்கவே கூடாது. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால் டைலைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, முதலில் நீர்க்காப்பைச் சோதியுங்கள்.

அறிகுறி: மாடிப்படியில் முதல் படியிலோ கடைசிப் படியிலோ கால் இடறுகிறது

இந்தப் பட்டியலில் உடம்புக்கு மிக ஆபத்தான பிழை இதுதான் என்பதால், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். படி ஏறும்போது நாம் கீழே பார்ப்பதில்லை. முதல் இரண்டு படிகளின் உயரத்தைக் கால் பழகிக்கொண்டு, மீதியையும் அப்படியே எதிர்பார்க்கிறது. அமெரிக்கக் கட்டட விதிகள் ஒரு படிவரிசையில் மிக உயர்ந்த படிக்கும் மிகத் தாழ்ந்த படிக்கும் 9.5 மி.மீ.க்கு மேல் வேறுபாட்டை அனுமதிப்பதில்லை. நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, வீடுகளில் படி உயரம் 190 மி.மீ.யைத் தாண்டக்கூடாது என்கிறது.

ரசமட்டத்தை ஒவ்வொரு படியிலும் முன்னோக்கி நீட்டிப் பிடித்து, கீழ்ப்படியிலிருந்து உயரத்தை அளந்து, வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நடுப்படிகள் ஒன்றாக இருந்து முதலும் கடைசியும் மட்டும் மாறினால் காரணம் அநேகமாக இதுதான்: கான்கிரீட் போட்டபோது எல்லாப் படியும் 170 மி.மீ. சரியாகவே இருந்தது; பிறகு தரைக்கு டைலும் கலவையும் சேர்ந்து 60 மி.மீ. ஏறியது, படிக்குக் கல்லும் கலவையும் சேர்ந்து 40 மி.மீ. மட்டுமே ஏறியது. விளைவாக முதல் படி 150, கடைசிப் படி 190. இரண்டுக்கும் நடுவே 40 மி.மீ. வேறுபாடு. பழைய தரைமேல் புதிய டைல் ஒட்டிய வீடுகளிலும் இதே பிழை சிறிய அளவில் வந்துவிடுகிறது.

படிக்கல் இன்னும் ஒட்டவில்லை என்றால், எல்லாப் படிக்கும் தரைக்கு உள்ள அதே 60 மி.மீ. கனத்தை அடிக்கலவையில் கூட்டிக் கொடுத்தால் எல்லாமே 170 ஆகிவிடும். ஒட்டியாகிவிட்டது என்றால் படிக்கல்லைப் பெயர்த்து அதே கணக்கில் மறுபடி ஒட்டுவதுதான் சரியான வழி; முதல் படியில் மட்டும் ஒரு பலகையைச் சேர்ப்பது பிழையை இரண்டாவது படிக்கு நகர்த்துவதாகிவிடும். வேலை நடக்கும்வரை அந்த இரு படிகளின் விளிம்பிலும் பளிச்சென்ற பட்டை ஒட்டிவிடுங்கள். நடுப்படிகளே தாறுமாறாக இருந்தாலோ, 20 மி.மீ.க்கு மேல் கனம் ஏற்ற வேண்டியிருந்தாலோ, படித்தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: கோடையில் சத்தத்தோடு இரண்டு டைல்கள் கூடாரம்போல எழும்பிவிட்டன

ஜாயிண்டே தெரியாமல் நெருக்கி ஒட்டச் சொல்லும் ஆசையின் விளைவு இது. எல்லாம் ஒரே அளவு, நடுவில் இடமில்லை, சுவரோரத்திலும் இடமில்லை. வெப்பத்தில் விரியும் தரைக்கு மேலே எழுவதைத் தவிர வழியில்லை. எழும்பிய டைல்களின்மேல் நடக்க விடாதீர்கள், அடித்து அமுக்கவும் முயலாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் துண்டு சில்லாகத் தெறிக்கும். ஸ்கர்ட்டிங்கில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, தரை டைல் சுவரை முட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முட்டியிருந்தால் சுற்றிலும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி அறுத்துத் திறந்து, ஸ்கர்ட்டிங்கால் மறைக்க வேண்டும். பெரிய கூடமானால் வட அமெரிக்க டைல் கவுன்சிலின் கையேடு சொல்வதுபோல, அதிகபட்சம் 25 அடிக்கு ஒரு நெகிழ்வு ஜாயிண்ட் வேண்டும். நேர் வெயில் படும் இடத்தில் அதிகபட்சம் 12 அடிக்கு ஒன்று. அதைக் கிரவுட்டின் நிறத்திலேயே கிடைக்கும் சிலிகோனால் அடைத்தால் கோடுகளின் சீர் கெடாது.

அறுவை இயந்திர வேலை என்பதால் இது முழுவதும் மேஸ்திரிக்கு உரியது. எழும்பிய இடத்தின் அடியில் கான்கிரீட்டிலும் வெடிப்பு தெரிந்தாலோ, அதே கோட்டில் கீழ்த்தளக் கூரையிலும் வெடிப்பு ஓடினாலோ, டைலை மூடும் முன் கட்டுமானப் பொறியாளரை வரவழைத்துக் காட்டிவிடுங்கள்.